பூவலிங்கத்தின் வயிற்றில் திதி

எங்கள் தெருவில் குளவிகள் தங்கள் பிள்ளைகளை ஈக்களின் பிள்ளைகளுக்குள் குடிவைப்பது வழக்கம். வாடகை கிடையாது. குடிவந்தவன் உள்ளிருந்தபடியே வீட்டைத் தின்று முடித்து, கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறுவான். பழமண்டிக்குப் பின்னால் அழுகும் பப்பாளிகளில் வசிக்கும் ஈக்களான எங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் செய்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த பப்பாளிக் குளவி கனகவல்லியும் கேட்கவில்லை. என் ஒரே மகன் பூவலிங்கம் புழுவாகத் தவழ்ந்துகொண்டிருந்தபோது, நான் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, அவன் வயிற்றில் ஊசியைச் செருகி முட்டையை வைத்துவிட்டாள். போகிற போக்கில் பிள்ளை நல்ல புஷ்டி என்று பாராட்டு வேறு.

அவள் அம்மா காலத்தில் வெறும் ஊசிதான். அதற்காக நாங்கள் பிள்ளைகளை ரத்தத்தில் கொத்தனார்களோடு பெற்றோம். முட்டை வந்தால் சுற்றிக் கறுப்புச் சுவர் எழுப்பி மூடிவிடுவார்கள். உடனே குளவிகள் ஊசியில் கொத்தனார்களைத் தூங்க வைக்கும் மருந்தைக் கலந்தார்கள். அந்த மருந்துக்கு மசியாத கொத்தனார்களோடு நான் பூவலிங்கத்தைப் பெற்றேன். அத்தனை பேருக்கும் தீனி போட்டே புஷ்டியாயிருந்த பிள்ளை நோஞ்சானாகிவிட்டான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சுவர் எழும்பியது. கனகவல்லியின் பிள்ளை உள்ளேயே அடங்கிவிட்டான். என் மகன் பிழைத்தான், சிறகு முளைத்தது, கல்யாணமும் ஆயிற்று. வயிற்றில் மிளகு போல ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் நின்றுவிட்டது.

நேற்று கனகவல்லி விளக்கும் பாயசத் தூக்குமாக வந்தாள். மாசமாயிருந்த மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

"மதினி, எம்பிள்ளைக்கு இன்னைக்குத் திதி. ஒங்க பையனைக் கொஞ்சம் படுக்கச் சொல்லுங்க."

"ஒனக்கு வெட்கமா இல்ல? எம்பிள்ளையக் கொல்ல வந்தவனுக்கு எங்க வீட்லயே வந்து திதி குடுப்பியா?"

"என்ன செய்ய மதினி, அவன் சமாதி இங்கதான இருக்கு. வேற எங்க போவேன்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் செத்தவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் மறுப்பது எங்கள் தெருவில் மரியாதையில்லை. பாய் விரித்தேன். பூவலிங்கம் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தான். புள்ளியின் அருகே விளக்கை வைத்துக் கனகவல்லி நிஜமாகவே அழுதாள். மகள் அழவில்லை. விரலால் புள்ளியின் சுவரைத் தட்டித் தட்டி, எங்கே வலுவில்லாமல் ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே போய், மாசமாயிருந்த என் மருமகளை அழைத்து வந்து கனகவல்லி மகளுக்கு எதிரில் உட்கார வைத்தேன். மருமகள் அந்தப் பெண்ணின் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாப்பாடு முடிவதற்குள் மருமகளின் வயிற்றுக்குள் சிமெண்டு குழைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கனகவல்லிக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.