நீல டிரம்மில் ஒரு விரால்

விரால் பிடிக்கத் தெரியாதவன் யார் என்று கேட்டால், இரைத் தவளையை அது கவ்விய கையோடு தூண்டிலை இழுப்பவன் என்று இராமலிங்கம் சொல்வார். விரால் கவ்வியதும் விழுங்காது. வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், நிற்கும், அப்புறம்தான் உள்ளே தள்ளும். அதுவரை பொறுமையாகப் பத்து எண்ண வேண்டும். எண்ணாமல் இழுத்தால் கிழிந்த தவளைதான் கைக்கு வரும். நாற்பது வருஷமாக ஏரித் தண்ணீரைப் பார்த்து இந்தப் பத்தை எண்ணிய மனுஷர்தான். ஆனால் கரையைவிட்டு இறங்கினால் அவருக்கு இரண்டுகூட எண்ண வராது.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் அவர் வாசலைத் தாண்டிப் போகிறார்கள். தண்ணீர் கேட்பார்கள், பாத்ரூம் கேட்பார்கள், பையை இங்கே வைக்கலாமா என்று கேட்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க அந்த லட்சத்தில் ஓர் ஆள் கிடையாது. மனைவி சரசு இறந்து இருபது மாதம் ஆகிறது. ஒரே மகன் சரவணகுமார், மருமகள் அருணாதேவியோடு ஓசூரில் இருக்கிறான். மகன் அந்த வீட்டு வாசலை மிதித்தே எட்டு மாதம் ஆகிவிட்டது.

அதற்கும் இரண்டு எண்ணத் தெரியாததுதான் காரணம். சரசுவின் வருஷ திதிக்கு வந்த சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா, எங்ககூட ஓசூருக்கு வந்துடுங்க. வீட்ல..." என்று மகன் ஆரம்பித்தான். "நான் வந்து உங்க வீட்டுக்கு வாட்ச்மேன் வேலை பாக்கணுமா?" என்று இவர் இலைக்கு இலை கேட்கும்படி கத்தினார். பரிமாறிக்கொண்டிருந்த அருணாதேவி சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். தப்பு என்று இராமலிங்கத்துக்கு மறுநாள் காலையிலேயே தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் மகனிடமிருந்து போன் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர்றேன்பா. அப்புறம் இன்னொண்ணு..."

"சரி, வா, வா" என்று போனை வைத்துவிட்டார். வாயால் வராததைக் குழம்பால் சொல்லிவிடலாம் என்று அப்போதே முடிவு செய்தார். விரால் குழம்பு என்றால் சரவணனுக்கு உயிர். தலைத் துண்டை யாருக்கும் விடமாட்டான்.

சனிக்கிழமை விடிந்ததும், டிப்போ காலத்துக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு செங்கம் சாலையில் இருக்கும் ஏரிக்குப் போனார். மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. செம்மண் எல்லாம் அடியில் உட்கார்ந்து, மதகுப் பக்கம் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. பார்க்க அழகுதான், பிடிப்பவனுக்குத்தான் பாடு. நாம் மீனைப் பார்க்கிற மாதிரி மீனும் நம்மைப் பார்க்கும். அதனால்தான் காக்கிச் சட்டை. நிழல் தண்ணீரில் விழாதபடி கிழக்கு முகமாகக் குந்திக்கொண்டு, ஆம்பல் இலைகளுக்கு நடுவே தவளையைப் போட்டார். ஒன்பது மணிவரைக்கும் ஒன்றும் இல்லை. பிறகு இலை நிழலிலிருந்து கருப்பாக ஒன்று நகர்ந்து வந்து நின்றது. முதுகில் இருந்த புள்ளிகூடத் தெரிந்தது. அது தவளையைப் பார்த்தது, இவர் அதைப் பார்த்தார், மூச்சுகூட விடவில்லை. டப்பென்று கவ்வியது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். பத்தில் இழுத்தபோது மூங்கில் கழி வில்லாக வளைந்தது.

இரண்டு கிலோவுக்குக் குறையாது. விரால் லேசில் சாகாது, மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டு கிடக்கும். நாளைக்குப் புதுசாக வெட்டிக்கொள்ளலாம் என்று, குழாயடியில் இருந்த நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து மீனை அதில் விட்டார். எகிறிக் குதிக்காமல் இருக்க மேலே பழைய வலையைக் கட்டினார். அன்றைக்கே மசாலாவும் அரைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகன் வந்தான். கருப்பு வேட்டி, கருப்புத் துண்டு, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பு இல்லை. முந்தின நாள்தான் கார்த்திகை ஒன்றாம் தேதி. அது இராமலிங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒருநாளும் சபரிமலைப் பக்கம் போகாதவன் மாலை போடுவான் என்று யார் கண்டது?

"வாடா" என்றார்.

எதிரே இளநீர்க் கடை வைத்திருக்கும் ஜோதியம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னாண்ணே, வாடா போடாங்கற? மாலை போட்டவங்கள சாமின்னு கூப்புடு."

பெற்ற பிள்ளையைச் சாமி என்று கூப்பிட அவருக்கு நாக்கு புரளவில்லை. மகனுக்கு அந்தச் சங்கடம் எல்லாம் இல்லை. "நல்லா இருக்கீங்களா சாமி?" என்று அப்பாவைக் கேட்டான். மாலை போட்டவனுக்கு எதிரில் நிற்கும் எல்லோரும் சாமிதான். தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுவதுபோலவே தன்னையும் கூப்பிடுகிறான் என்று இராமலிங்கத்துக்கு மனசு சுருக்கென்றது.

மசாலா வாசனை வாசல்வரை வந்தது. சரவணன் உள்ளே வரவில்லை. புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்ல வந்தேன் சாமி. நீங்கதான் வச்சிட்டீங்க."

ஜோதியம்மாள் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு மகன் எழுந்து போய் டிரம்மை எட்டிப் பார்த்தான். விரால் மேலே வந்து ப்ளக்கென்று காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. அவன் முகம் ஒரு நிமிஷம் பத்து வயசுப் பையன் முகமானது. "இது ரெண்டு கிலோவுக்கு ஜாஸ்தி இருக்கும் போல?"

"நீ மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் வச்சிருக்கேன். அப்புறம் வந்து சாப்டு."

"நாப்பத்தோரு நாளா! இருக்குமா?"

"விரால் இருக்கும். நீதான் வரணும்."

மதியம் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே போனார். ஓசூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. படிக்குப் பக்கத்தில் மகன் திரும்பி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்றான். "ஏறு, ஏறு, ஜன்னல் சீட்டு போயிடும்" என்று இவர் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். அப்புறம் வண்டி கால் மணி நேரம் அங்கேயேதான் நின்றது. கண்ணாடிக்கு உள்ளே அவன், வெளியே இவர், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்படியாக அந்த வீட்டில் இரண்டு உயிர் ஆயிற்று. இராமலிங்கம் காலையில் டிரம்மில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார். வாய்க்காலில் சின்னச் சின்னத் தவளையாகப் பிடித்து வந்து போடுவார். பகலெல்லாம் வீட்டில் கேட்கிற சத்தம் அந்த ப்ளக் ஒன்றுதான். கேட்டால், "இன்னா?" என்பார். கொஞ்ச நேரம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்ப் பார்ப்பார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அவருக்கு வேறு யார் இருந்தார்கள்? தீபத்தன்று மலை உச்சியில் ஜோதி தெரிந்தபோது தெருவே அரோகரா என்று அதிர்ந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாசலில் கூட்டம் நின்றது. இவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்துச் சத்தத்தில் விரால் மிரண்டுவிட்டதோ என்று குழாயடிக்குப் போனார்.

வட்டமான டிரம், நீளமான மீன். வளைந்து வளைந்து ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அதுக்குப் பேரு வச்சிட்டியா?" என்று ஜோதியம்மாள் கேலி செய்தாள். "பேரு வச்சிட்டா குழம்பு வைக்க முடியாது, பாத்துக்கோ."

மகன் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்தான். சாப்டீங்களா சாமி, சாப்ட்டேன், மீன் இருக்குதா, இருக்குது, சரி வச்சிடறேன். முதலில் வைப்பது எப்போதும் இவர்தான்.

முப்பத்தெட்டாம் நாள் சாயங்காலம், தவளையை டிரம்மில் விட்ட சமயத்தில் போன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே பார்த்தார். விரால் கவ்விவிட்டது. பழக்க தோஷம், மனசு தானாக எண்ண ஆரம்பித்தது.

"வர்ற ஞாயிறு இருமுடி கட்டுறோம் சாமி" என்றான் மகன். அப்புறம் அவனும் பேசவில்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் இவர் போனை வைப்பார். இப்போது கண் டிரம்மில் இருந்தது. நாலு, அஞ்சு, ஆறு. விரால் இன்னும் விழுங்கவில்லை. ஏழு, எட்டு.

"இன்னும் நீங்க வைக்கலையா?"

"இல்ல" என்றார் இராமலிங்கம், தனக்கே ஆச்சரியமாக. "சொல்லு சாமி. கேக்கறேன்."

அந்தச் சாமி எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. பிறகு மகன் பேசினான். "அப்பா, அம்மா போனதுலேர்ந்து நான் குடிக்க ஆரம்பிச்சிட்டேன்பா. தினமும். அருணா எவ்ளோவோ சொல்லிப் பாத்தா. அதை நிறுத்தத்தான் மாலையே போட்டேன். இத்தினி நாளா தொடல. ஆனா மாலையக் கழட்டுற அன்னிக்கு என்ன ஆகும்னு நெனச்சா பயமா இருக்குது."

குடிச்சியா என்று கத்துவதற்கு வாய் திறந்தே விட்டது. மூடிக்கொண்டார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

"அன்னிக்குப் பந்தியில உங்கள கூப்பிட்டது வாட்ச்மேன் வேலைக்கு இல்லப்பா. வீட்ல எனக்குத்தான் ஆள் வேணும்னு இருந்துச்சு."

இராமலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாக, வேண்டாதவனாக ஒதுக்கிவிட்டார்கள் என்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தவர். தன் பிள்ளை அந்தப் பக்கம் தனியாகக் கிடந்து தவித்தது அவருக்குத் தோன்றவே இல்லை. "நாளைக்கே வர்றேன்பா" என்றார். "நான் அன்னிக்குப் பேசினது தப்புன்னு அருணாகிட்ட சொல்லு. வேணாம், நானே வந்து சொல்றேன்."

"மீன் என்ன ஆவறது?"

"அதை நான் பாத்துக்கறேன். எத்தினி நாள் இருக்கணுமோ அத்தினி நாள் இருக்கேன்."

காலையில் வீட்டைப் பூட்டிச் சாவியை ஜோதியம்மாளிடம் கொடுத்தார். ஆட்டோக்கார காசியும் இவருமாக, தண்ணீரைக் கால்வாசியாகக் குறைத்து, டிரம்மைத் தூக்கிப் பின்சீட்டில் ஏற்றி, தண்ணீர் தளும்பத் தளும்ப ஏரிக்குப் போனார்கள். மதகுப் பக்கம் தண்ணீர் இன்னும் தெளிந்து, அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி டிரம்மைச் சாய்த்தார்.

விரால் வெளியே வந்தது. ஓடும் என்று பார்த்தால் ஓடவில்லை. அவர் காலடியிலேயே, முழங்கால் ஆழத்தில், டிரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு உடம்பை வளைத்துச் சுற்ற ஆரம்பித்தது. இத்தனை பெரிய ஏரியில், சுவரே இல்லாத இடத்தில், அதே பக்கமாக, அதே வட்டம்.

"இன்னா சாமி இது, பைத்தியம் புடிச்ச மாதிரி?" என்றான் காசி. "ஒரு தட்டு தட்டி வுடுங்க."

"இரு" என்றார் இராமலிங்கம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பத்து வரை எண்ணினார், வட்டம் மாறவில்லை. இருபது ஆயிற்று, முப்பதும் ஆயிற்று. ரோட்டில் ஓசூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது, போகட்டும் என்று விட்டார். நாற்பதைத் தாண்டி எங்கோ வட்டம் கொஞ்சம் பெரிதானது. அப்புறம் இன்னும் கொஞ்சம். திடீரென்று உடம்பு நேராகி, வாலை ஒரு வெட்டு வெட்டி, ஆம்பல் இலைகளுக்கு அடியில் போய்விட்டது.

அவர் கரையேறிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். காசி காலி டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இத எங்க வைக்கட்டும்? ஜோதியம்மாகிட்டயே குடுத்துடவா?"

"நீயே வச்சிக்கோ" என்றார். "எனக்கு இனிமே வேணாம்."