கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி

சனிக்கிழமை மத்தியானம் தேவாலயத்தின் கதவை உள்ளே தாழிட்டுவிட்டுப் போதகர் மேடையேறினார். அவர் மனைவி வழக்கம்போல் கடைசி பெஞ்சில், தூணை ஒட்டிய ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே காலி பெஞ்சுகள். மின்விசிறி ஓடவில்லை, மைக்கும் போடவில்லை, அது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுக்குக் கேட்டால்தான் அது பிரசங்கம், மற்றதெல்லாம் முணுமுணுப்பு என்பது போதகரின் கட்சி. கல்யாணமான புதிதில், ஒரு கொட்டகையில் ஆராதனை நடத்திய காலத்திலேயே தொடங்கிய பழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போவதை முதல் நாளே அவளுக்கு முழுசாகச் சொல்லிக் காட்டிவிடுவார். குரல் தேய்ந்தாலோ வார்த்தை குழைந்தாலோ அவள் வலது கையைத் தூக்க வேண்டும். உடனே நிறுத்தி, அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து சொல்வார். பிரசங்கம் நன்றாயிருந்ததா என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுதா என்று மட்டும்தான் கேட்பார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்த நாட்களில் காதில் விழாததையும் விழுந்ததாகக் கணக்கு வைத்துச் சீக்கிரம் முடிக்கவிடுவாள்.

இன்று அவள் கை மடியிலேயே கிடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தார். "நம் சபையின் பிள்ளை குளியலறையில் வழுக்கி விழவில்லை. கழுத்தில் விரல் தடங்களோடு அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான்தான் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்." குரல் கூரையில் மோதி, கடைசி பெஞ்சுக்கும் அதற்குப் பின்னாலிருந்த சுவருக்கும் போய்ச் சேர்ந்தது.

"கேட்டுதா?" என்றார்.

"கேட்டுதுங்க."

"நாளைக்கும் இப்படியே சொல்லிடுவேன்."

"சொல்லிடுங்க."

படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் எழுந்து பக்கத்தில் போகவில்லை. போனால் தானும் உடைந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

இடி பாஸ்டர் என்றுதான் அவருக்கு ஊரில் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஓட்டுக் கேட்டு வந்த பெரிய மனிதரை, இது கர்த்தருடைய வீடு, இங்கே எல்லோரும் ஒன்று என்று சொல்லி செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தவர். பெண் வீட்டாரைக் கசக்கிப் பிழிந்து நடத்தும் கல்யாணத்துக்கு நான் ஜெபிக்க வரமாட்டேன் என்று மேடையிலேயே சொல்லி, சபையில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவர். பள்ளிக்கூடத்தை ஒட்டிச் சாராயக் கடை திறந்தபோது, கையில் ஒலிபெருக்கியோடு கடை வாசலில் தனியாளாக நின்றார். எங்கிருந்தோ ஒரு கல் வந்து நெற்றியைப் பிளந்தது. அப்போது அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் சபையின் பெரிய மூப்பர். ரத்தம் கொடுத்தவரும் அவரே. "என் உடம்புல ஓடுறது பாதி மூப்பரோட ரத்தம். அதான் கோபம் ஜாஸ்தி" என்று போதகர் சொல்லும்போதெல்லாம் சபை சிரிக்கும், முதல் வரிசையில் மூப்பர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொள்வார்.

நல்ல மனிதர்தான் மூப்பர். அதுதான் கஷ்டமே.

அவருடைய இளைய மகனுக்குத் தையல்காரம்மாவின் மகளைக் கேட்டார்கள். சபை முழுக்க அந்தப் பெண்ணை வாயாடி என்றுதான் கூப்பிடும். பாடகர் குழுவில் பாட்டை விட அவள் பேச்சுதான் அதிகம். சனிக்கிழமை பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, கடைசி பெஞ்சில் பாஸ்டரம்மாவை இடித்துக்கொண்டு உட்காருவாள். நன்றாகக் கேட்கும்போதே வேண்டுமென்றே கையைத் தூக்குவாள். போதகர் நிறுத்திவிட்டு முறைப்பார். "கடைசி பெஞ்சு தூங்கிடுச்சு பாஸ்டர், அதான் எழுப்பிவிட்டேன்" என்பாள். போதகருக்குச் சிரிப்பை அடக்க மேடைக்குக் கீழே குனிந்து எதையாவது தேட வேண்டியிருக்கும். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை சனிக்கிழமைகளில் மட்டும் மறந்துபோகும்.

தையல்காரியின் மகளை மூப்பர் வீடு கேட்டு வந்ததில் போதகருக்குத் தலைகால் புரியவில்லை. தான் தொண்டை கிழியப் பேசியதற்கெல்லாம் ஒரு பலன் கிடைத்துவிட்டதாகவே நினைத்தார். அவரே தாலி எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு வாயாடி முதல் வரிசைக்கு மாறினாள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. பெரிய வீட்டுக்குப் போனதும் அடக்கம் வந்துவிட்டது என்று சபையார் மெச்சிக்கொண்டார்கள். பாஸ்டரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒருநாள் காலையில் வாயாடி போதகர் வீட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வெயிலில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. பாஸ்டரம்மா என்னவென்று கேட்பதற்குள் அவளே அதை அவிழ்த்தாள். விரல்களை எண்ணிவிடலாம் போல் தெளிவாக இருந்தது. போதகர் பார்த்தார், கண் கலங்கினார், மூப்பருக்கு ஆள் அனுப்பினார். மூப்பர் மகனையும் இழுத்துக்கொண்டு வந்தார். மகன் போதகரின் காலில் விழுந்து அழுதான். பொய் அழுகை இல்லை அது, நிஜமாகவே அழுதான். எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் ஓர் அமைதி வந்தது. வாயாடி மட்டும் பாஸ்டரம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருந்துட்டுப் போறேனே பாஸ்டரம்மா."

"அவன்தான் அழுதுட்டானேடா. மனசு மாறிட்டான். நீ வேற இப்பப் பிடிவாதம் பிடிக்காத" என்று பாஸ்டரம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, துப்பட்டாவை எடுத்து அந்தக் கழுத்தைத் தானே சுற்றிவிட்டாள். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு மடிப்பு கூடுதலாக வேறு போட்டாள். போதகர் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அந்தக் கூடுதல் மடிப்பை நினைக்கும்போதெல்லாம் பாஸ்டரம்மாவுக்குத் தன் கைகளையே பார்க்கப் பிடிப்பதில்லை.

மறுமாதம் வாயாடியைப் பெட்டியில் வைத்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றது மூப்பர் வீடு. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டு போனது. அடக்கம் முடிந்த மறுநாள் தையல்காரம்மா போதகர் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, அழவும் இல்லை.

"ஸ்டேஷனுக்கு வாங்கன்னு கேக்கல பாஸ்டர். என் பொண்ணு வழுக்கி விழலன்னு அந்த மைக்குல ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க. அவ என்கிட்ட கூடச் சொல்லல, உங்ககிட்டதான் வந்து சொன்னா. ஊர்ல யார் தப்பு பண்ணாலும் சொல்ற வாய்தானே? எனக்காக இதையும் சொல்லுங்க."

போதகர் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிரம்பி வழிந்தது. தையல்காரம்மா பழக்கதோஷத்தில் முன்னால் போகப் பார்த்தாள். பாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்துக் கடைசி பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்து தூணோரம் உட்காரவைத்தாள். முதல் வரிசையில் மூப்பரும் மகனும். ஒரே வாரத்தில் மூப்பருக்குப் பத்து வயது ஏறியிருந்தது. ஆராதனை தொடங்குவதற்கு முன் அவர் மேடைப் படிவரை வந்து போதகரின் அங்கியில் மடங்கியிருந்த காலரைச் சரிசெய்துவிட்டார். தையல்காரம்மா தைத்துக் கொடுத்த அங்கி அது. "எனக்கு நீங்கதான் இருக்கீங்க பாஸ்டர்" என்று அவர் சொன்னது மைக்கில் லேசாக விழுந்து எல்லோருக்கும் கேட்டது. மிரட்டலாக இருந்திருந்தால் போதகர் ஒரே வெட்டாக வெட்டியிருப்பார். கல்லெறிக்கு அசராத ஆள். ஆனால் அந்தக் கிழட்டுக் கை காலரை விட்டு இறங்கும்போது நடுங்கியதைப் பாஸ்டரம்மா அங்கிருந்தே பார்த்தாள்.

பிரசங்கம் தொடங்கியது. இடி இடித்தது. சாராயக் கடைகளைப் பற்றி, பெண்ணைச் சரக்காகக் காட்டும் சினிமாவைப் பற்றி, காசுக்கு விலைபோகும் அதிகாரிகளைப் பற்றி முழங்கினார். சபை பலமாகத் தலையாட்டியது. அங்கே இருந்த யாருக்கும் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பது பாஸ்டரம்மாவுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை வருஷமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். ஒவ்வொரு வாக்கியமும் நேற்றைய வரிசை மாறாமல் வந்தது. அந்த இடம் நெருங்கியதும் தையல்காரம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப வருது" என்றாள் மெதுவாக.

போதகர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரிசையைப் பார்த்தார்.

"நம் சபையின் பிள்ளை..." என்றார். மறுபடி முதலிலிருந்து எடுத்தார். "நம் சபையின் பிள்ளை நம்மை விட்டுக் கடந்துபோனாள். கர்த்தருடைய சித்தம் இன்னதென்று நமக்கு விளங்குவதில்லை. அந்தக் குடும்பத்தாரை அவர் ஆறுதல்படுத்துவாராக."

முதல் வரிசையில் மூப்பர் முகத்தைப் பொத்திக்கொண்டார். மைக் சரியாகவே வேலை செய்தது. தெருவில் போகிறவனுக்கும் கேட்டிருக்கும்.

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சா பாஸ்டரம்மா?"

"இல்ல" என்றாள் இவள். "சொல்லல."

பாஸ்டரம்மாவுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது துக்கம்தான். மேடையில் நிற்பது கொட்டகைக் காலத்தில் தொண்டை கட்டிப்போய், கேட்டுதா கேட்டுதா என்று அவளைப் பார்த்துக்கொண்டே பேசிய அதே மனிதர். துப்பட்டாவைச் சுற்றிவிட்டது அவள் கை. அந்தக் கையைத்தான் அவள் தூக்கினாள். சனிக்கிழமைகளில் தூக்குவதுபோல், காதுக்கு நேராக.

போதகர் பார்த்துவிட்டார். அடுத்த வாக்கியம் பாதியில் நின்றது.

தையல்காரம்மா அந்தக் கையை ஒருகணம் உற்றுப் பார்த்தாள். வாயாடி வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள் போலிருக்கிறது. எதுவும் கேட்காமல், ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களோடு அவளும் தன் கையைத் தூக்கினாள்.

"ஜெபிப்போம்" என்றார் போதகர் அவசரமாக.

சபை முழுவதும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. மூப்பர் மூடினார், மகன் மூடினான், பாடகர் குழுவில் வாயாடியின் இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் மூடினார்கள். போதகர் கண்ணை மூடவில்லை. கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெபம் தொடங்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது, யாரோ செருமினார்கள். பாஸ்டரம்மாவுக்குத் தோள்பட்டை கடுக்கத் தொடங்கியது. இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள், இறக்கவில்லை. பக்கத்தில் தையல்காரம்மாவின் கையும் இறங்கவில்லை. கண் மூடிக் காத்திருக்கும் அத்தனை தலைகளுக்கும் மேலாக, போதகர் இழுத்து இழுத்து விடுகிற மூச்சு மைக்கில் ஏறி, கடைசி பெஞ்சுவரை தெளிவாகக் கேட்டது.