மனிதரல்லாத செயல்பாடு

இரண்டாவது முறையாக என்னை மனுஷி இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். முதல் முறை வந்தபோது சிரித்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் மூன்றாவது முறையும் வந்தால் வேலை போய்விடும். முதலாளி அதைச் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்: மூன்று தடை, வீட்டுக்கு நடை. எதுகையெல்லாம் அவருக்கு நன்றாக வரும். நாங்கள் வேலை செய்கிற அறைக்கு ஒரு மின்விசிறி வாங்கிப் போடத்தான் வராது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். டயர் கடைக்கு மேலே ஒரு அறை. எட்டு கம்ப்யூட்டர், எட்டு நாற்காலி. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை ஒரு விளையாட்டுக்குள் புகுந்து ஆற்றங்கரையில் முதலை கொல்ல வேண்டும். தோலை உரித்து அங்கேயுள்ள சந்தையில் விற்றால் தங்கம் கிடைக்கும். திரையில் மட்டும் மினுங்குகிற தங்கம்தான், ஆனால் அதை நிஜப் பணம் கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாரும் பெரிய இடத்து ஆட்கள். வாள் வேண்டும், குதிரை வேண்டும், முதலை அடிக்க மட்டும் பொறுமை கிடையாது. அவர்களுடைய பொழுதுபோக்கில் இருக்கிற கஷ்டத்தை நாங்கள் கூலிக்குப் பட்டுக்கொடுத்தோம். விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு இது திருட்டு வியாபாரம். கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடும். கண்டுபிடிக்க மனிதர்களை வைக்கவில்லை, ஒரு புரோகிராமை வைத்திருந்தார்கள். யார் மனிதர், யார் இயந்திரம் என்று ஒரு இயந்திரம் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் கை. பத்து வருஷம் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் நின்றவள் நான். நான்கு நொடிக்கு ஒரு பொட்டலம். முட்டி தேய்ந்துபோய் அங்கிருந்து வந்தபோது, உட்கார்ந்தபடி செய்கிற வேலை கிடைத்ததே என்று அழுதே விட்டேன். பழக்கம் போகுமா? நான்கு நொடிக்கு ஒரு முதலை. ஒன்று செத்து விழுவதற்குள் அடுத்ததன் மேல் மவுஸ் போயிருக்கும். மற்றவர்கள் நாளெல்லாம் அடிப்பதை நான் மத்தியானத்துக்குள் அடித்துவிடுவேன். அதற்குக் கிடைத்த பரிசுதான் அந்த வரி: உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, காரணம் மனிதரல்லாத செயல்பாடு.

முதலாளியின் மச்சான் ஒருவன் அங்கே இருந்தான். விஞ்ஞானி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவன்தான் எனக்குப் புத்தி சொன்னான். மனுஷன் என்றால் நடுவில் நிற்பான், வழி தவறுவான், வந்த வேலையை மறப்பான், வேடிக்கை பார்ப்பான். அதெல்லாம் உங்களிடம் இல்லை என்றான்.

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! சும்மா இருக்க எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? முயன்று பார்த்தேன். விளையாட்டில் என் ஆளை ஒரு மரத்தடியில் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏதோ தப்பு செய்வதுபோல் இருந்தது. அந்தப் பக்கமாக ஒரு முதலை வந்ததும் என்னையறியாமல் கை போய் அதை அடித்துவிட்டது. விஞ்ஞானி தலையில் அடித்துக்கொண்டான். சும்மா இருக்கத் தெரியாததால் பிழைப்பு போகப்போகிறது. எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் நான்தான்.

அந்த வார விடுமுறை நாளில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சும்மா இருப்பதில் கரை கண்ட ஒருவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறேனே!

என் வீட்டுக்காரர் நான்கு வருஷமாக ஒரு நல்ல வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர்தான், ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடமாட்டார். அன்றைக்கு ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவரைக் கவனித்தேன். சோபாவிலிருந்து எழுந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து, யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் பார்த்தார். மூடினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய்த் திறந்தார், இதற்குள் ஏதாவது புதிதாக வந்திருக்குமோ என்று. நகவெட்டி எடுக்க உள்ளே போனவர் பழைய பேப்பரோடு திரும்பி வந்தார். ஜன்னல் பக்கம் நின்று, தெருவில் யாரோ கார் நிறுத்துவதை நிறுத்தி முடிக்கிறவரை பார்த்து, "அப்படி ஒடிக்கக் கூடாது" என்றார். கார் ஓட்டவே தெரியாது அவருக்கு. ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். என்ன எழுதறே என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் புதுக் கணக்கில் அவரை அப்படியே நடித்தேன். இரண்டு முதலை அடித்தேன், எதற்கு வந்தேன் என்று மறந்ததுபோல் நின்றேன். கடைக்குப் போய் வாள் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன். மலை ஏறித் தடுக்கி விழுந்தேன். கடலைப் பார்த்தபடி பத்து நிமிஷம் நின்றேன். மனசு கிடந்து அடித்துக்கொண்டது, ஆனால் நின்றேன். ஐந்து வாரம் ஆயிற்று, தடை வரவில்லை. இயந்திரம் என்னை மனுஷி என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முதலாளி எப்படி என்று கேட்டார். நான் ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்ததுபோல் நோட்டையே எடுத்துக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்து அசந்துபோனார். இத்தனை வருஷத்தில் யாரும் என் வீட்டுக்காரரை நினைத்து அப்படி அசந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் என் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், அவர் பெயரில் ஒரு புதுக் கணக்கோடு. அசல் ஆளே இருக்கும்போது பார்த்து எழுதின நகல் எதற்கு என்று முதலாளி நினைத்திருக்கிறார். என்னிடம் நியாயமும் சொன்னார். யார் வந்தால் என்ன, சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே போகிறது என்றார். இவராவது ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லுவார் என்று பார்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்றா என்று கேட்டார்.

பதவிக்கு ஆலோசகர் என்று பெயர். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்து, "இன்னிக்கு ஒரே வேலை" என்பார். என்ன வேலை என்றால், கடலைப் பார்த்தேன் என்பார். நான் வீட்டில் இருந்துகொண்டு பத்து இடத்துக்கு வேலை கேட்டுப் போன் செய்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு தட்டு உடைந்தது. நானாகத்தான் உடைத்தேன்.

விஞ்ஞானி அத்தோடு விடவில்லை. இவருடைய நடமாட்டத்தையெல்லாம் பதிவு செய்து, அதை ஒரு புரோகிராமாக்கி, நாற்பது கணக்குகளில் ஓட விட்டான். இனி முதலை அடிக்க ஆளே வேண்டாம் என்று மற்ற ஏழு பேரையும் அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றிலும் நம்பிக்கையான கணக்கு இவருடையது என்று மொத்தத் தங்கத்தையும் இவர் பெயரிலேயே குவித்து வைத்தார்கள். நாற்பது பேரும் ஒரே கடையில் வாள் விலை கேட்டார்கள், வாங்கவில்லை. நாற்பது பேரும் ஒரே மலையில் தடுக்கி விழுந்தார்கள். கடைசியில் நாற்பது பேரும் கரையில் வரிசையாக நின்று கடலைப் பார்த்தார்கள். வேறு யாரோ அதைப் படம் எடுத்துப் போட, ஊரே சிரித்தது.

அன்றைக்கே ஓடிக்கொண்டிருந்த கணக்கெல்லாம் முடங்கியது. முதலில் முடங்கியது இவர் கணக்கு. காரணம்: மனிதரல்லாத செயல்பாடு.

தங்கம் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டதில் முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் கடைசிக் கேள்விக்கு அதே வீட்டில் வசிக்கும் ஒருவர்தான் பதில் எழுத வேண்டும்: இவரது அன்றாடச் செயல்களை நேரில் கண்டவர் என்ற முறையில், இவர் மனிதர்தான் என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்கவும். முதலாளி எனக்குப் போன் செய்து, கணக்கு மீண்டால் என் வேலை திரும்பக் கிடைக்கும் என்று சத்தியம் செய்தார். என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னார். உழைப்பாளி, சுறுசுறுப்பானவர், பொறுப்பானவர்.

வேலை வேண்டும் எனக்கு. அதனால் எழுத உட்கார்ந்தேன். உழைப்பாளி வரை எழுதிவிட்டேன். பொறுப்பானவர் என்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. அடித்துவிட்டு வேறு எழுதினேன். பதினாறு வருஷமாக இவரோடு இருக்கிறேன் என்று தொடங்கியது எங்கேயோ போயிற்று. ஃப்ரிட்ஜ் வந்தது, இஸ்திரி வந்தது. எனக்குக் காய்ச்சல் அடித்த அன்று நெற்றியில் கை வைத்துப் பார்த்து, ரொம்ப முடியலையா, சரி, மெதுவா எழுந்து சமை என்று இவர் அன்பாகச் சொன்னது வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். இடம் போதவில்லை. இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டு, திரும்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. சாட்சியத்தில் விவரிக்கப்பட்ட நபர் பதினாறு ஆண்டுகளாக ஒரே நேரத்தில் ஒரே வழியில் ஒரே செயலை மாற்றமின்றிச் செய்துவருவதால், அது இயந்திரத்தின் இயல்பே என்று முடிவு செய்திருக்கிறார்களாம். கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது, தங்கம் பறிமுதல். இரண்டாவது முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். பிறகு ஒரு பத்தி எனக்கு. சாட்சியம் எழுதியவர் மனிதர் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. அவர் பெயரில் முன்பு தவறுதலாக முடக்கிய இரண்டு கணக்குகளும் விடுவிக்கப்படுகின்றன. வருந்துகிறோம்.

அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் வருந்தியதில்லை.

மத்தியானமே முதலாளி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவரிடம் உயிரோடு இருந்தவை என்னுடைய அந்த இரண்டு கணக்குகளும், நோட்டைப் பார்த்து நான் ஓட்டி, பிறகு யாரும் தொடாமல் கிடந்த அந்தக் கணக்கும்தான். நாளையிலிருந்து வர முடியுமா என்றார். நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன் என்றேன். உடனே சரி என்றார். இன்னும் கேட்டிருக்கலாம் போலிருக்கிறது.

அவர் போனதும் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் அந்தப் பதில். "நான் மனுஷன் இல்லையாம்மா?" என்றார். அந்தக் குரலில் விளையாட்டே இல்லை. எனக்குப் பாவமாகிவிட்டது.

"இன்னொரு தடவ எழுதேன். நான் செஞ்ச நல்லது ஏதாவது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போதும்."

பேனாவை எடுத்தேன். உண்மையாகவே எழுதத்தான் எடுத்தேன். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், அதட்டிப் பேசமாட்டார். அவர் செய்யாதவற்றில் எவ்வளவோ நல்லது இருந்தது. ஆனால் கேட்டது செய்ததை. வெகுநேரம் யோசித்தேன். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலங்க," என்றேன். "முப்பது நாள் இருக்கு. நீங்க ஏதாவது செய்யுங்க. நான் பார்த்துட்டு எழுதறேன்."

காலையில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ராத்திரிப் பாத்திரங்களுக்கு முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு கேட்டார்.

"ஏம்மா, பாத்திரம் தேய்க்கற சோப்பு நம்ம வீட்ல எங்க இருக்கும்?"

அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பதினாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது.