இன்சூரன்ஸ் இல்லாமல் ஏறக் கூடாது

கூடப் பிறந்த தம்பியே கான்ட்ராக்டராக இருக்கும்போது வெளியாளை யார் கூப்பிடுவார்கள்? அக்காவும் கூப்பிடவில்லை. தம்பியிடம் எதையும் எழுதி வாங்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. அவன் ஆளோடு வந்து கூரையில் பாதி ஓடுகளைப் பிரித்து அடுக்கிய பிறகுதான், வேறு ஏதோ கேட்க இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குப் போன் செய்தவளுக்கு விஷயம் தெரிந்தது. வேலையாட்களுக்குக் கான்ட்ராக்டர் இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் யாராவது விழுந்துவிட்டால், கேஸ் அவள் வாசலுக்கே வரலாம். அவளுடைய வீட்டு பாலிசி கைகொடுக்காது.

இடுப்பு ஒடியத் தையல் மெஷினை மிதித்து வாங்கிய வீடு அது. போனும் கையுமாக அக்கா வெளியே வந்தாள்.

"மேல இருக்கிறவர் இறங்குங்க முதல்ல!"

மேலே இருந்தவர் ஒல்லி. தலை நரைத்த ஆள், ஆனாலும் எல்லோரும் கூப்பிடுவது ஒல்லி என்றுதான். சொன்னதும் இறங்கிவிட்டார். தம்பிக்குத்தான் முகம் சிவந்தது.

"என்னக்கா, மழை வர்ற நேரத்துல?"

"உன் ஆளுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

"எல்லாம் இருக்கு." போனை எடுத்து நீட்டினான். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தாள்.

"இது உன் வேனுக்கு எடுத்ததுடா. வேன் என் கூரை மேல ஏறப் போகுதா?"

ஒல்லி சிரிப்பை அடக்கத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அது.

"கூடப் பிறந்தவன்கிட்டப் போய் பேப்பர் கேக்குறியாடி?" என்றாள் அம்மா.

"கூடப் பிறந்தவன்னு கேக்காம விட்டதாலதாம்மா இப்ப கூரையில்லாம நிக்கிறேன். நாளைக்கு ஒருத்தர் விழுந்தா, வீட்டை வித்து நீயா குடுப்ப?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

"அப்ப நான் ஆளைக் கூட்டிட்டுப் போறேன். மழை பெஞ்சா தெரியும்" என்றான் தம்பி.

"தாராளமா போ. துணி நனைஞ்சா காயும். பாலிசி எடுத்துட்டு வா, அதுவரைக்கும் இந்த ஏணியில ஒருத்தர் கால் வைக்கக் கூடாது."

சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. தம்பி வேனுக்கு ஓடினான். பிரித்த பக்கம் நேராகத் தையல் அறைக்குள் கொட்டியது. அக்கா அவனைக் கூப்பிடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினைத் தனியாக நகர்த்தப் பார்த்தாள். அது அசையவில்லை. திடீரென்று கனம் குறைந்தது. மறுமுனையை ஒல்லி பிடித்திருந்தார்.

இருவருமாக மெஷினை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வெளியே வேன் விடாமல் ஹாரன் அடித்தது. ஒல்லி வாசலுக்குப் போனார்.

"நீங்க போங்க முதலாளி. நான் வரலை."

"உனக்கு என்னய்யா வந்துச்சு?"

"போன வருஷம் நான் வேலையில விழுந்தப்ப, வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."