ஓடினால் பாதி

“அந்த விதியைத் தூக்குங்க, சேர். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி.”

தனுஜா உட்காரக்கூட இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தவள், ஈரம் சொட்டும் குடையோடு நேராக மயூரதனின் மேசைக்கு முன்னால் போய் நின்று இதைச் சொன்னாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மயூரதன் அவளிடம் பிசகில்லாமல் சொல்லிவைத்திருந்தார். லீவு கேட்கலாம், நல்ல நாற்காலி கேட்கலாம், மழைக்குக் கூரை ஒழுகினால் சண்டைகூடப் போடலாம். “ஒண்டு மட்டும் கேக்கக்கூடாது. விளையாட்டின்ர விதியை மாத்தச் சொல்லிக் கேக்கக்கூடாது. அது கொழும்பில இருக்கிற ஆக்களின்ர வேலை. நீர் தமிழ் எழுத வந்திருக்கிறீர்.” அவளும் தலையாட்டினாள். ஒன்றரை வருடமாகக் கேட்டதில்லை.

ஹட்டனில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மூன்று கணினி, ஒரு கேத்தல், மலையைப் பார்த்த ஒரு ஜன்னல். அங்கேதான் ஒரு கொழும்புக் கம்பனிக்காக ‘காட்டுக்கூட்டம்’ என்ற போன் விளையாட்டுக்குத் தமிழும் படமும் செய்தார்கள். காட்டுக்குள் நடந்து, எதிர்ப்படும் விலங்குகளோடு மோதி, அவற்றைப் பிடித்துச் சேர்க்கிற விளையாட்டு. படம் வரைகிறவன் நோர்வூட்டுப் பையன் கிஷாந்த், இருபத்தேழு வயது, கல்யாணம் ஆனவன். எழுதுகிறவள் தனுஜா. இருவருக்கும் மேலே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனிலேயே தங்கிவிட்ட மயூரதன்.

விளையாட்டில் எல்லா மோதலும் வெல்லக்கூடியதல்ல. வலுவான மிருகம் குறுக்கே வந்தால் தப்பி ஓடச் சில சாமான்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்ததும் விளக்கம் எழுதியதும் தனுஜாதான். புகையுருண்டை: எறிந்தால் கண்மறைக்கும் புகை எழும், அதற்குள் ஓடிவிடலாம். தேன்பொம்மை: வீசினால் கரடி அதை நக்கிக்கொண்டிருக்கும், நீங்கள் நழுவலாம். குகைக்கயிறு: பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடலாம். பேராதனையில் தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்தது இதற்குத்தானா என்று தன்னையே திட்டிக்கொண்டாலும், அந்த வரிகளை அவள் ரசித்துத்தான் எழுதினாள். அவளுடைய தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். ஓடுவதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

போன வருடம் ஒரு சிக்கல் வந்தது. விளையாடிப் பார்க்கிறவர்கள் எதற்கெடுத்தாலும் புகையுருண்டையை எறிந்துவிட்டு ஓடினார்கள். மோத ஆளில்லை. ஓடுவதற்கு ஏதாவது ஒரு தண்டனை வைக்க வேண்டும், யோசியுங்கள் என்று கொழும்பிலிருந்து சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் மயூரதன் அதைச் சொல்ல, தனுஜா பருப்பைப் பிசைந்தபடியே வாயைக் கொடுத்தாள்.

“எங்க தோட்டத்துல ஒரு வழி இருக்கு சேர். கொழுந்து நிறுக்கிறதுக்கு முன்னாடி நெரையை விட்டு எறங்கிப் போனா அரைப் பேருதான். குளவி தொரத்துனாலும் சரி, அட்டை கடிச்சாலும் சரி. அன்னைக்கிப் பாதிச் சம்பளந்தான்.”

“அது நல்லாயிருக்கே,” என்றார் மயூரதன்.

“நல்லாயில்ல சேர். அதான் சொல்றேன்.”

கிஷாந்த் புரையேறச் சிரித்தான். இரண்டு வாரத்தில் அது விதியாகிவிட்டது. மிருகத்தோடு மோதித் தோற்றால் ஒன்றும் போகாது. பக்கத்துக் கூடாரத்தில் கண்விழிக்கலாம், பை அப்படியே இருக்கும். எந்தச் சாமானைப் போட்டு ஓடினாலும் பையில் சேர்த்ததில் பாதி போய்விடும். போகும்போது தொப்பியும் விசிலுமாக, தோட்டத்தில் வேலை வாங்குகிற ஒரு கண்டாக்கு திரையில் வந்து, “அரைப் பேர்” என்பான். அந்த உருவத்தைக் கிஷாந்த் வரைந்தான். அந்த வசனத்தைத் தனுஜா எழுதினாள். விளையாடிப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எல்லாவற்றையும்விடக் கண்டாக்குதான் பிடித்திருக்கிறது என்று எழுதி அனுப்பினார்களாம்.

அவளுக்கும் பெருமைதான். இல்லையென்று சொன்னால் பொய். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்களால் காளியாயி திரையைத் தொட்டுத் தொட்டு விளையாடினாள்.

“இந்தா பாரு, நம்ம கண்டாக்கு கணக்காவே இருக்கான். அவரு பாத்தா ஒன்னைய லயத்துக்குள்ள விடமாட்டாரு.”

“பேசாம வெளையாடும்மா. குளவி வருது பாரு. புகையைப் போட்டு ஓடு.”

“ஓடுனா பாதி போயிருமே.”

“போனா போவுது. வெளையாட்டுத்தானே.”

“இந்நேர வரைக்கும் பொறுக்குனது புள்ள.” அம்மா ஓடவில்லை. குளவிக் கூட்டத்திடம் நின்று தோற்றாள். கூடாரத்தில் கண்விழித்ததும் பையைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. “பாத்தியா, ஒண்ணும் போகல,” என்று மகளைப் பார்த்து வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள்.

பிறகு ஒரு நாள் ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்தது. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பதினொரு பெண்களும் கூடையைக் கழற்றி வீசிவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். காளியாயியும் ஓடினாள். ரோட்டுக்கு வந்துவிட்டாள், மூச்சுகூட வாங்கிவிட்டாள். அப்புறம், கூடை மலையிலே கிடக்கிறதே, நிறுவைக்கு இன்னும் கால்மணிதான் இருக்கிறதே என்று திரும்பிப் போனாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டுதான் போனாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கூடையோடுதான் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். முகம் வீங்கி, யாரென்று தெரியாமல் போயிற்று.

“இரும் முதல்ல,” என்றார் மயூரதன், அவள் கையிலிருந்த ஈரக் குடையைப் பார்த்து. “கிஷாந்த், தேத்தண்ணி ஒண்டு போடும்.”

“வேணாம். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“தனுஜா, உம்மட நிலைமை எனக்கு விளங்குது. செத்த வீட்டுக்கு வந்தனான்தானே. ஆனா வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியில போகுது. இண்டைக்குத் திங்கள். இப்ப போய் அதை எப்பிடி எடுக்கிறது?”

“ஓடுனா பாதின்னு இருக்கிற ஒரு வரியை அழிக்கிறதுதானே. புகையுருண்டையைப் போட்டா ஓடலாம். அவ்ளோதான். முன்னாடி அப்பிடித்தானே இருந்திச்சு.”

“முந்தி அப்பிடி இருந்ததாலதான் ஒருத்தரும் விளையாடேல்ல. நீர்தானே வழி சொன்னனீர்.”

“ஆமா. நான்தான் சொன்னேன்.” அவள் குரல் ஏறவில்லை. “தோட்டத்துக்காரன் வச்ச விதியை வெளையாட்டுக்குள்ள கொண்டாந்தது நான். எங்கம்மா கையில குடுத்து, நின்னு செத்தா ஒண்ணும் போகாது, ஓடுனாத்தான் போகும்னு காட்டிக் குடுத்ததும் நான்.”

“அப்பிடி நினைக்காதையும். அவ முப்பது வருசமா மலையில நிண்ட மனிசி. போனில பாத்தா பழகினவ?”

“இல்ல சேர். முப்பது வருசமாப் பழகினது எங்கம்மாவுக்கு. இனிமே இதை வாங்கி வெளையாடப் போற புள்ளைங்களுக்கு நாம பழக்குறோம். சிரிக்கச் சிரிக்கப் பழக்குறோம்.”

மயூரதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் ஏசிவிட்டாவது போகலாம்.

“ஓடுறதைப் பற்றி எனக்குச் சொல்லாதையும்,” என்றார். “தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குப் பயந்து நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க எனக்கு எட்டு வயசு. அடுப்பில சோறு கொதிக்குது, மாடு கட்டினபடி நிக்குது. பாதி இல்லைப் பிள்ளை, முழுசா விட்டிட்டுத்தான் ஓடினனாங்கள்.”

“அதனாலதான் சேர் நீங்க உசிரோட இருக்கீங்க.”

கேத்தல் கொதித்து அணைந்தது. கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. மயூரதன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றிற்று. அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

“நான் ஒண்டு செய்யிறன்,” என்றார் அவர். “கொழும்போட கதைச்சு அம்மான்ர பேரில ஒரு சாமான் வைப்பம். காளியாயி படங்கு. போர்த்தினால் ஒரு குளவியும் கொட்டாது. நீரே விளக்கம் எழுதும். உலகம் முழுக்க விளையாடுற ஆக்கள் அவவின்ர பேரைத் தெரிஞ்சுகொள்ளுவினம்.”

தனுஜா அவரை வெறித்துப் பார்த்தாள்.

“அதைப் போர்த்திக்கிட்டு ஓடுனா?”

“என்ன?”

“படங்கைப் போர்த்திக்கிட்டு ஓடுனா, பை முழுசா இருக்குமா, பாதியா?”

அவர் தயங்கினார். “ஓடினால் ஓடினதுதானே. விதி எல்லாத்துக்கும் ஒண்டுதான்.”

“எங்கம்மா பேரைச் சொல்லி ஓடுறவங்களுக்கும் அரைப் பேருதான்.”

“தனுஜா, இது விளையாட்டு.”

“தோட்டத்துலயும் அதைத்தான் செஞ்சாங்க, சேர். அன்னைக்கிக் கூடையைப் போட்டுட்டு ஓடுன பத்துப் பேருக்கும் அரைப் பேரு. எங்கம்மாவுக்கு முழுப் பேரு போட்டிருக்காங்க. கண்டாக்கு வீட்டுக்கு வந்து பெரிய மனசு பண்ணுன மாதிரி சொல்லிட்டுப் போறாரு. எங்கப்பா கையெடுத்துக் கும்புடுறாரு.”

அவள் கிஷாந்த் பக்கம் திரும்பினாள். அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

“நீயாவது சொல்லு. ஒங்கம்மாவும் மலைக்குத்தானே போறாங்க.”

“நான் என்னாக்கா சொல்றது,” என்றான் அவன், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. “நான் படம் வரையுற ஆளு.”

“அந்தக் கண்டாக்கை அழி. அதுவாவது ஒன் கையில இருக்கில்ல.”

“அனுப்பியாச்சுக்கா.”

“சரி.” மறுபடி மயூரதனிடம் திரும்பினாள். “விதியை வச்சுக்கங்க. அந்த ரெண்டு வார்த்தை நான் எழுதுனது. அதை எடுங்க. வேற என்னத்தையாவது சொல்லட்டும் அவன்.”

“குரல் பதிஞ்சு முடிஞ்சுது. உமக்குத் தெரியும்தானே. கொழும்பில அதை வச்சுத்தான் விளம்பரமே செய்திருக்கினம்.” குரலை இறக்கினார். “ஒரு கிழமை லீவு எடும். வந்து அடுத்த பாகத்துக்கு நீர்தான் தலைமை. உமக்குக் கீழ ரெண்டு பேர் போடுவம். இங்க ஹட்டனிலேயே ஒரு அறை எடுத்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரும். அந்த லயத்தில இருந்து என்ன காணப்போறீர்?”

அறையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காளியாயியின் பெயரில்தான் அந்த லயத்துக் காம்பரா இருந்தது. வேலைக்குப் பேர் பதிந்த ஆள் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். மாதக் கடைசிக்குள் ஒரு பேர் கொடு என்று கண்டாக்கு சொல்லிவிட்டுப் போயிருந்தார். எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து அவள் ஹட்டனில் அறை தேடினாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று இடத்தில் படிவரை ஏறினாள். மூன்று இடத்திலும் அப்பாவின் இருமலைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள். அதற்கப்புறம் அப்பா இராமையா பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார். ஒருத்தனுக்கும் பாரமா இருக்கமாட்டேன், என்னைத் தோட்டத்து ரோட்டோரமே விட்டுட்டு நீ போ என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

“ஒரு கிழமை யோசியும்,” என்றார் மயூரதன். “அவசரப்பட்டு ஒரு முடிவும் எடுக்காதையும்.”

“எடுத்தாச்சு சேர். காலையில பெரட்டுக்குப் போய்ட்டுத்தான் இங்க வர்றேன்.”

அவருக்குப் புரியவில்லை. கிஷாந்துக்குப் புரிந்துவிட்டது. கோப்பையை மேசையில் வைத்தான்.

விடிகாலை ஆறரைக்கு அவள் பெரட்டுக் களத்தில் போய் நின்றிருந்தாள். வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். அம்மாவோடு ஓடிய பெண்கள் அவளைப் பார்த்ததும் விலகி இடம் விட்டார்கள். டிகிரி முடிச்ச புள்ள, கொழுந்து கிள்ளத் தெரியுமா என்று கண்டாக்கு கேட்டார். என் பேரை எழுதுங்க என்றாள். அவர் எழுதினார். நாளைக்கு ஏழாம் நம்பர் மலை என்றார். குளவிக்கூட்டை எடுத்தாச்சா என்று அவள் கேட்டாள். தொரைக்குச் சொல்லியிருக்கு என்றார்.

“கொழுந்துக்கா போறீர்?” மயூரதன் எழுந்துவிட்டார். “படிச்சுப்போட்டு, உமக்கென்ன விசரே?”

“கத்தாதீங்க. எனக்கே கத்த முடியல.”

“அப்ப ஏன் இங்க வந்து இவ்வளவு நேரம் என்னோட சண்டை பிடிச்சனீர்? போறதெண்டு முடிவெடுத்த பிறகு இந்த விதி இருந்தா உமக்கென்ன, போனா உமக்கென்ன?”

“ஒண்ணும் இல்லதான். மலையில இருக்கிறதை என்னால எடுக்க முடியாது. இது நாம செஞ்சது. இதை எடுக்கலாம்னு நெனச்சேன்.”

மயூரதன் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். விலகல் கடிதம் வேண்டும், ஒரு மாத அறிவித்தல் வேண்டும் என்று ஏதோ தொடங்கினார். காலையில் பஸ்ஸில் இருந்தபடியே மெயில் அனுப்பிவிட்டேன், நீங்கள்தான் பார்க்கவில்லை என்றாள். அவர் கணினிப் பக்கம் திரும்பி அதைத் தேட ஆரம்பித்தார்.

“அக்கா,” என்றான் கிஷாந்த்.

அவள் நின்றாள். அவன் கோப்பையை மறுபடி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்து நின்றதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது அவளுக்கு. படியிறங்கினாள். டயர்க் கடை முதலாளி என்ன மகள், இன்னைக்கு அரை நாளா என்று கேட்டார். ரோட்டைக் கடந்தாள். தோட்டத்துப் பக்கம் போகிற டயகம பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கைகாட்டவில்லை. வேகமாக நடந்து, ஓடுகிற பஸ்ஸிலேயே கம்பியைப் பிடித்து ஏறினாள்.