மாற்றிக் கட்டிய தந்தி

"நீ போய் வாங்கிட்டு வா. நான் வெளியிலயே நிக்கிறேன்" என்றார் என் கணவர். விடுவேனா? கையைப் பிடித்து இசைக்கருவிப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

மகளின் பிறந்தநாளுக்காக ஒரு யுகுலேலே செய்யச் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. நான்கு தந்திக் குட்டி கிதார்தான், ஆனால் அவள் கேட்டது இந்தப் பட்டறையில் செய்தது. இவரோ நாற்பது வருடம் கிதார் வாசித்தவர். பக்கவாதம் வந்துபோனபின் இடது கை அசைகிறது, விரல்கள்தான் மடங்குவதில்லை. அன்றிலிருந்து தந்தி கட்டிய எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. "கையை மாத்தி வாசிச்சுப் பாருங்களேன்" என்று ஒருமுறை சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்படியொரு வீம்பு.

பட்டறை என்பது ஒரு வீட்டின் முன்னறை. அக்கா, தம்பி இரண்டு பேர்தான். தம்பி மரத்தை இழைத்து, வளைத்து, ஒட்டுவார். தந்தி கட்டுவது அக்கா. இருவருமே இடதுகைக்காரர்கள். உளி, கத்தரிக்கோல், தேநீர்க் கோப்பை எல்லாம் மேசையின் இடது பக்கம் கிடந்தன. மரத்தூள் மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

அக்கா கொண்டுவந்து வைத்ததைப் பார்த்ததும் தம்பி தலையில் கை வைத்தார்.

"அக்கா, மறுபடியும் நம்ம கைக்குக் கட்டிட்டியே!"

வலது கையால் அழுத்தி இடது கையால் மீட்டும்படி நான்கு தந்திகளும் வரிசை மாறியிருந்தன.

"நீ தொணதொணன்னு பேசிட்டே இருந்தா? கை அது பாட்டுக்குக் கட்டிருச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாளைக்குப் பிறந்தநாள். மூணு மாசம் காத்திருந்தது இதுக்குத்தானா?"

"அரை மணி நேரம் குடுங்கம்மா, மாத்திக் கட்டிடறேன்" என்று அக்கா கையை நீட்டினார். மேசையில் யுகுலேலே இல்லை.

இவர் எடுத்திருந்தார். அதன் கழுத்து வலது கையில் இருந்தது. மோதிர விரல் தடுமாறித் தடுமாறி இடம் தேடி, ஒரு தந்தியை அழுத்தியது. மடங்காத இடது கையின் கட்டைவிரலைத் தந்திகள்மேல் இழுத்தார். கரகரத்தது. விரலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி இழுத்தார். சுத்தமாக ஒலித்தது.

அழுதுவிட்டேன். தும்மல் என்று சாக்குச் சொல்லவும் தோன்றவில்லை. அக்கா தந்தி வெட்டும் கருவியைச் சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் போட்டார்.

"இது இப்படியே இருக்கட்டும்" என்றார் இவர், தலை நிமிராமல்.

"அப்ப பொண்ணுக்கு?"

"அவளுக்கு வேற செய்யச் சொல்லு. நாளைக்கு அவளுக்கு இந்த ஒரு சுரத்தையாவது வாசிச்சுக் காட்டணும். கொஞ்சம் சும்மா இரு, இன்னொரு தடவை பாக்கிறேன்."