மூடியில்லாத கப்ளிங்

கிழக்கு வெளுப்பதற்குள் கன்னியம்மாளின் கால்கள் முழங்கால்வரை காகிதக் கூழில் ஊறிவிட்டிருந்தன. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பழைய காகிதத்தைக் கரைத்து அட்டை செய்யும் கம்பெனி அது. தொட்டியிலிருந்து கூழை மேலே தள்ளும் பம்பைச் சுற்றி வழிந்து கிடப்பதை மண்வெட்டியால் அள்ளி இரும்புப் பாண்டுச் சட்டியில் கொட்டுவது அவளுக்கும் நிர்மலாவுக்கும் வேலை. புளித்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். குருசுக்குப்பத்திலிருந்து இருவரும் ஒன்றாக வந்து, ஒன்றாகத் தின்று, ஒன்றாகவே திரும்புவார்கள்.

பம்பு சில வாரங்களாக உதறிக்கொண்டே ஓடியது. மோட்டார் தண்டையும் பம்பு தண்டையும் இணைக்கும் இடத்தில் முன்பு டயர் கப்ளிங் இருந்தது. நடுவில் தடித்த ரப்பர் வளையம். தண்டுகள் கொஞ்சம் கோணலாக நின்றாலும் ரப்பர் வளைந்து கொடுத்துச் சமாளித்துவிடும். அது கிழிந்ததும் ஃபிட்டர் ராஜாங்கம் புது டயர் கேட்டுப் போனார். குடோனில் கிடந்த, ரப்பர் புஷ் போட்ட இரும்பு ஆணிகளால் இணையும் பழைய பின்-புஷ் கப்ளிங்கை மாட்டச் சொன்னார் முதலாளி.

"மொதலாளி, இதுல ரப்பர் புஷ்ஷெல்லாம் தேஞ்சி கெடக்குது. பின்னு வெளிய நீட்டிக்கினு நிக்குது. சைஸும் பெருசு, மேல மூடி உக்காராது."

"அதுவும் கப்ளிங், இதுவும் கப்ளிங். சுத்துமா சுத்தாதா, அதச் சொல்லு."

சுற்றியது. அதை மறைக்க வேண்டிய இரும்பு மூடி சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

அன்று காலை கன்னியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை நிர்மலா பார்த்தாள்.

"அக்கா, நீ இப்பிடி வா. அந்தப் பக்கம் நான் அள்றேன்."

இடம் மாறிக்கொண்டார்கள். நிர்மலா குனிந்தாள். சுழலும் கப்ளிங்கில் நீட்டிக்கொண்டிருந்த பின், புடவைக்கு மேல் போட்டிருந்த அவள் சட்டையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. கன்னியம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள். கூழில் வழுக்கி விழுந்தாள். எழுந்து சுவரிலிருந்த சுவிட்சை அடித்தாள். மோட்டார் சட்டென்று நிற்கவில்லை. அது நின்றபோது நிர்மலாவிடம் பேச்சில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த கன்னியம்மாளை முதலாளி உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். பாத்தவ நீ ஒருத்திதான். கழுவறதுக்காக அவளே மூடியக் கழட்டினான்னு சொல்லிடு."

"மூடியே இல்லியே மொதலாளி, எதக் கழட்டுவா?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியுமா? கம்பெனிய மூடிட்டா இத்தன பேரும் தெருவுல நிப்பீங்க. உன்ன பேக்கிங்குக்கு மாத்திடறேன். குனியற வேலையே இல்ல."

அவள் எழுந்து வெளியே வந்தாள். சாயங்காலம் நிர்மலாவின் வீட்டுக்குப் போனாள். நிர்மலாவின் கணவன், லோடு ஆட்டோ ஓட்டும் விஜய், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கம்பெனி ஆளு வந்தாங்கக்கா. இவளேதான் மூடியக் கழட்டினாளாம்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஏங்க்கா, அவ்ளோ அஜாக்கிரதயானவளா அவ?"

கன்னியம்மாள் அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"இல்லப்பா. நான் நிக்க வேண்டிய எடத்துல அவ நின்னா. வேற ஒரு தப்பும் பண்ணல."

மறுநாள் எல்லோரையும் பம்புக்கருகே நிறுத்திவிட்டு அதிகாரி கேட்டார். "யாரும்மா பாத்தது?"

"நான் பாத்தேன் சார்." அவள் முதலாளியின் பக்கம் திரும்பவே இல்லை. "மூடி இல்ல. அவ எதையும் கழட்டல."

"துக்கத்துல ஒளர்றா சார்," என்றார் முதலாளி.

ராஜாங்கம் முன்னால் வந்தார்.

"இந்தக் கப்ளிங்க மாட்டனது நான்தான் சார். மூடி உக்காராதுன்னு தெரிஞ்சே மாட்டினேன். எம்மேலயும் எழுதிக்குங்க. மாட்டச் சொன்னவர் பேரயும் எழுதிக்குங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. "யோசிச்சிப் பேசுய்யா. நாளைக்குக் கம்பெனி கேட்டத் தாண்டி உள்ள வர மாட்ட."

"யாருமே தாண்டல," என்றாள் காகிதம் பிரிக்கும் செந்தமிழ்ச்செல்வி, பெண்கள் கூட்டத்திலிருந்து. "புது டயர் போட்டு, மூடி போடற வரைக்கும் அந்த சுவிட்ச ஒரு கையும் தொடாது."

சொல்லிவிட்டு அவள் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றாள். மற்றவர்களும் போய் அவளைச் சுற்றி நின்றார்கள்.

அதிகாரி என்ன எழுதினார், எழுதியது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு முதலாளி போட்ட பூட்டு கேட்டில் தொங்கியது. அவர்கள் வெளியே ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயின.

விஜய் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான்.

"நானும் உக்காரட்டுமாக்கா?"

கன்னியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வெடித்துக்கொண்டு வந்தது. இருபக்கமும் இருந்த பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். விளக்கு வைக்கும் நேரமாகியும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.